பங்சார் நாடாளுமன்றத் தொகுதி (1959–1974): வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கட்சிகளின் வரலாற்றையே எழுதி வந்துள்ளனர். ஒரு கட்சி எப்போது தோன்றியது, யார் தலைமையேற்றனர், எந்தக் கூட்டணியில் சேர்ந்தது என்பனவே அவ்வெழுத்துகளின் மையமாக அமைகின்றன. வாக்காளர் வாழ்ந்த தொகுதியை மையமாகக் கொண்டு அதே வரலாற்றை நோக்கினால் வேறொரு தோற்றம் கிடைக்கும் என்பது நமது கருத்தாகும். அதற்கு எடுத்துக்காட்டாக, 1959ஆம் ஆண்டு முதல் 1974ஆம் ஆண்டு வரை சிலாங்கூர் மாநிலத்தில் இருந்து, பின்னர் தேர்தல் வரைபடத்திலிருந்து மறைந்துபோன பங்சார் நாடாளுமன்றத் தொகுதியை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். அக்காலத்து ஆவணங்களில் அதன் பெயர் 'புங்சார்' என்றே காணப்படும்.

இத்தொகுதி மூன்று பொதுத்தேர்தல்களை மட்டுமே கண்டது. மூன்றிலும் மூன்று வெவ்வேறு கட்சிகள் வென்றன. ஆளும் கூட்டணி ஒருமுறைகூட இங்கு வெற்றி பெறவில்லை. வென்ற மூவருள் முதல் இருவர் தொழிற்சங்கவாதிகள். இந்நிலை எவ்வாறு அமைந்தது, தொகுதி ஏன் மறைந்தது, அதே மாநிலத்தின் வட பகுதியில் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வாக்கு இதனின்றும் எவ்வாறு வேறுபட்டது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே நிறுவனத்தின் இரு நிலங்கள்

நகரத்தையும் தோட்டத்தையும் இரு வேறு உலகங்களாகக் கருதுவது நமது வழக்கம். ஆனால், பங்சாரும் தொடக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டமே. புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பியர் இருவரின் பெயர்கள் இணைந்தே 'புங்சார்' என்னும் தோட்டப் பெயர் உருவாயிற்று என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கமாகும். அத்தோட்டம் பின்னர் பிரெஞ்சு-பெல்ஜிய முதலீட்டில் இயங்கிய சோக்ஃபின் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

அந்த நிறுவனத்தின் வரலாற்றோடு பிணைந்த மற்றொரு நிலம் கோல சிலாங்கூர் வட்டாரமாகும். ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே, 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். தென்னமரம் என்னும் பெயரே அங்கு வேலை செய்தவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. நாட்டின் செம்பனைத் தொழில் வேரூன்றிய மண்ணுக்குத் தமிழ்ப் பெயர் அமைந்தது தற்செயலன்று. காடழித்து நிலத்தைப் பண்படுத்திய உழைப்பில் பெரும்பங்கு தென்னிந்தியத் தொழிலாளருடையது.

ஆக, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பங்சாரும் தென்னமரமும் ஏறக்குறைய ஒரே வகையான நிலங்களாகவே இருந்தன. பங்சாரை நகரம் விழுங்கியது. பிரிக்ஃபீல்ட்சில் இரயில்வே பட்டறைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. பங்சார் சாலையில் மின் நிலையம் அமைந்தது. நகராண்மைக் கழகத்திலும் பொதுப்பணித் துறையிலும் தமிழர்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தனர். தென்னமரமோ தோட்டமாகவே நீடித்தது. இவ்விரு போக்குகளே பின்னர் இரண்டு வகையான வாக்காளரை உருவாக்கின.

1952: நகராண்மைக் கழகத் தேர்தல்

பங்சாரின் தேர்தல் வரலாறு நாடாளுமன்றத் தொகுதிக்கு முற்பட்டது. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்திற்கு நடைபெற்ற முதல் தேர்தலில் பங்சார் ஒரு வட்டாரமாக இருந்தது. அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் முதன்முதலாக இணைந்து போட்டியிட்டு 12 இடங்களில் 9 இடங்களை வென்ற தேர்தல் அது. பிற்காலக் கூட்டணி ஆட்சிமுறைக்கு வித்திட்ட தேர்தல் என்று வரலாற்றாசிரியர்கள் அதனைக் குறிப்பிடுவர்.

அந்த அலையிலும் டத்தோ ஓன் ஜாபார் தோற்றுவித்த மலாயா சுதந்திரக் கட்சி இரண்டு இடங்களைப் பெற்றது. அக்கட்சியின் வேட்பாளராகப் பங்சார் வட்டாரத்தில் வென்ற தேவகி கிருஷ்ணன், மலாயாவில் பொதுத்தேர்வு வழியாகப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி என்னும் சிறப்பைப் பெற்றார். இன அடிப்படையிலான கட்சிகளின் இணைப்பு நகரின் பிற பகுதிகளை ஈர்த்தபோது, இனம் கடந்த கட்சியொன்றின் தமிழ்ப் பெண் வேட்பாளரைப் பங்சார் தேர்ந்தெடுத்தது. பின்வந்த தேர்தல்களின் போக்கிற்கு இது ஒரு முன்னோட்டமாக அமைந்தது எனலாம்.

குடியுரிமையும் வாக்குரிமையும்

1955ஆம் ஆண்டு ஜூலையில் நடைபெற்ற முதல் கூட்டரசுத் தேர்தலில் வாக்காளருள் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். 11 விழுக்காட்டினர் சீனர். இந்தியரும் பிறரும் சேர்ந்து 5 விழுக்காட்டிற்கும் குறைவு. மக்கள்தொகையில் தங்களுக்கு இருந்த பங்கைவிட இந்தியரின் வாக்குப் பங்கு மிகவும் தாழ்ந்திருந்தது. விடுதலைக்குப் பின் குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டதால் 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் இவ்விகிதம் ஏறத்தாழ 57, 36, 7 என மாறியது.

இம்மாற்றத்தின் பயன் எல்லாத் தமிழருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை. நகரத் தொழிலாளிக்குப் பதிவு அலுவலகம் அருகில் இருந்தது. மனுவை எழுதித் தரவும் விளக்கவும் தொழிற்சங்கக் கிளை இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அலுவலகம் செல்வதே ஒருநாள் கூலியை இழப்பதாகும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதோரும் அதன் தேவையை உணராதோரும் அங்கு மிகுதி. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த முதியோரைத் தோட்டப்புறங்களில் அண்மைக்காலம் வரை காண முடிந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெற வேண்டும் என விதித்தபோது, இந்த அலட்சியத்தின் விலை தெரிந்தது. அச்சட்டத்தை அடுத்து ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டு வெளியேறினர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பலர் தோட்டத் தொழிலாளர்.

1959: வி. டேவிட்

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தலில் மொத்தம் 104 தொகுதிகளில் கூட்டணி 74 தொகுதிகளை வென்றது. தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் இணைந்த சோசலிச முன்னணிக்கு 8 தொகுதிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று பங்சார். வென்றவர் வி. டேவிட்.

1932ஆம் ஆண்டு பிறந்த டேவிட் அப்போது முப்பது வயதைக்கூட எட்டாதவர். 1950களில் ஆலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியவர். பின்னர் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளராகவும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச்செயலாளராகவும் விளங்கியவர். அவர் தமிழர் என்பதற்காக மட்டும் பங்சார் அவருக்கு வாக்களிக்கவில்லை. தமிழ் வாக்குகளை மட்டும் கொண்டு நகரத் தொகுதி ஒன்றில் வெற்றி பெற இயலாது. சீனத் தொழிலாளரும் சிறுவணிகரும் அவருக்கு வாக்களித்திருக்க வேண்டும். இரயில்வே, மின் நிலையம், ஆலை, நகராண்மைக் கழகம் ஆகிய இடங்களில் பல இனத்தவரும் ஒரே சங்கத்தில் இருந்தமையே அதற்கு அடித்தளமாயிற்று என நாம் கருதுகிறோம்.

1964: 808 வாக்குகள்

1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா தோன்றியது. இந்தோனேசியாவின் எதிர்ப்பு நடவடிக்கைகள் நடந்துகொண்டிருந்த சூழலில் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் பொதுத்தேர்தல் வந்தது. மலேசியா அமைப்பை எதிர்த்திருந்த சோசலிச முன்னணி மக்களின் ஐயத்திற்கு ஆளாகி, 8 தொகுதிகளிலிருந்து 2 தொகுதிகளாகச் சுருங்கியது. கூட்டணி 89 தொகுதிகளை வென்றது.

சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் போட்டியிட்டது அத்தேர்தலில்தான். அக்கட்சி பெற்ற ஒரே வெற்றி பங்சாரில் கிடைத்தது. அதன் வேட்பாளர் சி. வி. தேவன் நாயர், டேவிட்டைத் தோற்கடித்து 808 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். மலாக்காவில் 1923ஆம் ஆண்டு பிறந்த தேவன் நாயர், ஆங்கிலேயர் ஆட்சியில் இருமுறை தடுப்புக்காவலில் வைக்கப்பட்டவர். 1961ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசை நிறுவியவர்.

இத்தேர்தல் முடிவை மக்கள் செயல் கட்சியின் மலாயா முயற்சி தோற்றதற்குச் சான்றாகவே பலர் எழுதுவர். தொகுதியின் கோணத்தில் நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். பங்சார் வாக்காளர் முன்னே ஆளும் கூட்டணியின் வேட்பாளரும் இருந்தார். நாடெங்கும் கூட்டணி அலை வீசியபோதும் பங்சார் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு தொழிற்சங்கவாதியை விடுத்து மற்றொரு தொழிற்சங்கவாதியைத் தேர்ந்தெடுத்தது. 'இந்தியர் வாக்கு' என ஒன்று ஒரே திசையில் செல்லும் என்னும் கருத்துக்கும் இம்முடிவு இடம் தரவில்லை. தமிழர் ஒருவரும் மலையாளி ஒருவரும் எதிரெதிரே நின்ற தொகுதியில், வாக்காளர் இரு கொள்கைகளுக்கு இடையே தெரிவு செய்தனர்.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தது. தேவன் நாயர் பங்சார் உறுப்பினராகத் தொடர்ந்தார். மக்கள் செயல் கட்சியின் தீபகற்பக் கிளையிலிருந்து உருவாகி 1966ஆம் ஆண்டு மார்ச்சில் பதிவு பெற்ற ஜனநாயக செயல் கட்சிக்கு அவரே முதல் பொதுச்செயலாளர். நாட்டின் முதன்மை எதிர்க்கட்சிகளுள் ஒன்றாக வளர்ந்த கட்சிக்கு அந்நாளில் நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே குரல் பங்சாரின் குரலாகும்.

1969: மூன்றாம் தேர்தல்

1969ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் நடைபெற்ற தேர்தலைத் தொழிற்கட்சி புறக்கணித்தது. தேவன் நாயர் போட்டியிடவில்லை. அவர் சிங்கப்பூருக்குத் திரும்பினார். டேவிட் கெராக்கான் கட்சியில் சேர்ந்து பினாங்கின் டத்தோ கெராமாட் தொகுதிக்குச் சென்று வென்றார். பங்சாரில் ஜனநாயக செயல் கட்சியின் கோ ஹோக் குவான் வெற்றி பெற்றார். அக்கட்சி நாடு முழுவதும் 13 நாடாளுமன்றத் தொகுதிகளைப் பெற்றது.

மூன்று நாள்களில் மே 13 கலவரம் வெடித்தது. நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, 1971ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. தேர்ந்தெடுத்த உறுப்பினர் அவையில் அமர்வதற்கே பங்சார் மக்கள் ஏறத்தாழ 21 மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.

தொகுதி மறைந்த வகை

பங்சார் தொகுதியை எந்தத் தேர்தலும் அழிக்கவில்லை. எல்லைக்கோடுகளும் சட்டத்திருத்தங்களுமே அதனை மறையச் செய்தன. அவற்றை வரிசைப்படுத்திக் காண்போம்.

முதலாவது, நகராட்சித் தேர்தலின் முடிவு. கோலாலம்பூர் கூட்டரசுத் தலைநகரமாக்கப்பட்டு, 1961ஆம் ஆண்டு முதல் நியமன ஆணையரின் நிருவாகத்தின்கீழ் வந்தது. 1952ஆம் ஆண்டு தேவகி கிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்த வாக்குரிமை ஒன்பது ஆண்டுகளில் இல்லாமற்போனது. பிற ஊர்களின் ஊராட்சித் தேர்தல்களும் 1965ஆம் ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டன.

இரண்டாவது, தொகுதிகளின் அளவு பற்றிய விதி. 1957ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், தொகுதி வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடலாகாது என வரையறுத்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், கிராமப்புறத் தொகுதி நகரத் தொகுதியின் பாதியளவு வாக்காளரைக் கொண்டிருக்கலாம் என அனுமதித்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பையும் நீக்கியது. நகர வாக்கு ஒன்றின் எடை படிப்படியாகக் குறைந்தது.

மூன்றாவது, கூட்டரசுப் பிரதேசத்தின் தோற்றம். 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டது. நகர மக்கள் மாநிலச் சட்டமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமையை இழந்தனர். 1952ஆம் ஆண்டில் நகராண்மைக் கழக வாக்கும், 1959ஆம் ஆண்டில் அதனோடு சட்டமன்ற, நாடாளுமன்ற வாக்குகளும் பெற்றிருந்த பங்சார்வாசிக்கு, 1974ஆம் ஆண்டில் எஞ்சியது நாடாளுமன்ற வாக்கு ஒன்றே. அவ்வாண்டுத் தேர்தலுக்கு வரையப்பட்ட புதிய எல்லைகளில் பங்சார் என்னும் பெயரும் இல்லை. இன்று பங்சாரின் பெரும்பகுதி லெம்பா பந்தாய் தொகுதியில் அடங்கியுள்ளது.

இத்தகைய மறைவு இங்கு மட்டும் நேர்ந்ததன்று. தேவன் நாயர் 1979ஆம் ஆண்டு சிங்கப்பூரின் ஆன்சன் தொகுதியில் இடைத்தேர்தலில் வென்றார். அவர் 1981ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரானதும், அதே தொகுதியில் ஜே. பி. ஜெயரத்தினம் 653 வாக்குகள் பெரும்பான்மையில் வென்று, பல்லாண்டுகளுக்குப் பின் அந்நாட்டின் நாடாளுமன்றத்திற்கு வந்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினரானார். துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த ஆன்சன், 1988ஆம் ஆண்டுத் தேர்தலில் தனித்தொகுதியாக இல்லை.

வட சிலாங்கூர்: வேறொரு கதை

தோட்டப்புறத்தை இனி நோக்குவோம். கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரங்களில் தமிழர் கணிசமாக வாழ்ந்தபோதும் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சிதறி இருந்தனர். தோட்டத்தில் குடியிருப்பும் வேலையும் ஒரே நிருவாகத்தின் கையில் இருந்தன. அரசியல் கூட்டத்திற்கு இடம் தேடுவதே கடினம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954ஆம் ஆண்டிலிருந்து கூலிக்காகப் போராடியபோதும், பங்சாரைப் போல் சங்கத்திலிருந்து நேரே நாடாளுமன்றத்திற்குச் செல்லும் வழி இங்கு உருவாகவில்லை. தமிழரின் பேராளர் கூட்டணிக்குள் நடைபெறும் தொகுதிப் பங்கீட்டின்வழி வந்தார். தோட்டத் துண்டாடலின்போது பல்லாயிரவர் வேலையிழந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது அதற்கு மாற்றாகவே. அது கூட்டுறவு வழியில் தேடிய தீர்வு; வாக்குச்சீட்டு வழியில் வந்ததன்று.

வட சிலாங்கூர்த் தமிழரின் வாக்கை நாடு உற்றுநோக்கியது பெரும்பாலும் இடைத்தேர்தல்களில்தான். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் கே. பார்த்திபன் 5,884 வாக்குகளும், கெஅடிலான் கட்சியின் காலிட் இப்ராகிம் 4,034 வாக்குகளும் பெற்றனர். பத்து மாதங்கள் கழித்து, 2008ஆம் ஆண்டு மார்ச் பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் காலிட் வென்று மாநிலத்தின் மந்திரி புசார் ஆனார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்த டாக்டர் கிர் தோயோ சுங்கை பாஞ்சாங் சட்டமன்ற உறுப்பினர். ஆட்சியை விட்டவரும் ஏற்றவரும் வட சிலாங்கூர்த் தொகுதிகளின் பேராளர்களே என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று நெல்வயல்களின் தொகுதி. மற்றொன்று தோட்டங்களின் தொகுதி.

உலு சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் 2008ஆம் ஆண்டு ம.இ.கா.வின் ஜி. பழனிவேல் 198 வாக்குகளில் தோற்றார். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் இடைத்தேர்தலில் அக்கட்சியின் பி. கமலநாதன் 1,725 வாக்குகளில் அதனை மீட்டார். கோல சிலாங்கூரில் 2013ஆம் ஆண்டு வெற்றி வேறுபாடு 460 வாக்குகள். இவ்வளவு குறுகிய வேறுபாடுகளில் ஒரு தோட்டத்தின் வாக்கும் முடிவை மாற்றவல்லது. ஆனால் வாக்கின் வலிமை மிகுந்த அதே காலத்தில்தான் தோட்டங்கள் வெறுமையாகிக் கொண்டிருந்தன. வேலையிழந்த குடும்பங்கள் ரவாங்கிற்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூர்ப் புறநகருக்கும் பெயர்ந்தன. அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி இருக்க, வாழ்வு அடுக்குமாடி வீட்டில் நடந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துக் கூறலாம்.

ஒன்று, பங்சாரில் தமிழரின் வாக்கு வலிமை பெற்றதற்கு எண்ணிக்கை மட்டும் காரணமன்று. பிற இனத் தொழிலாளரோடு ஒரே அமைப்பில் இணைந்திருந்ததே காரணம். வட சிலாங்கூரில் எண்ணிக்கை இருந்தது. அந்த இணைப்பு இல்லை.

இரண்டு, நகரத் தொகுதியின் மறைவால் இழப்புக்கு உள்ளானோர் நகரத்தார் மட்டுமல்லர். தோட்டத்தைவிட்டு நகரத்தை நோக்கி வந்த தமிழர், 1959ஆம் ஆண்டில் டேவிட்டைத் தேர்ந்தெடுத்த நகரத்திற்கு வரவில்லை. ஊராட்சித் தேர்தல் இல்லாத, வாக்கின் எடை குறைந்த நகரத்திற்கே வந்து சேர்ந்தனர். குப்பை அகற்றலும் வடிகாலும் மலிவு வீடும் அவர்களின் அன்றாடச் சிக்கல்கள். அவற்றைத் தீர்க்கும் மன்றத்திற்கோ அவர்களுக்கு வாக்கில்லை.

மூன்று, வாக்குரிமை ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பது என்னும் எண்ணம் பிழையானது. வாக்குச்சீட்டு அப்படியே இருக்க, அதன் பொருள் எல்லைக்கோட்டால் மாறிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தத்தின்படி 18 வயதினர் அனைவரும் தாமாகவே வாக்காளராகும் முறை வந்து, 2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் முதன்முறையாகப் பொதுத்தேர்தல் அளவில் நடைமுறை கண்டது. அடையாள அட்டை முகவரியே வாக்களிக்கும் இடத்தைத் தீர்மானிக்கும் இம்முறையில், இல்லாத தோட்டத்தின் பெயரில் இன்னும் முகவரி வைத்திருப்போர் அதனை மாற்றிக்கொள்வது ஒரு சிறு அலுவலாகத் தோன்றலாம். சிவப்பு அடையாள அட்டையை மாற்றுவதும் 1957ஆம் ஆண்டில் அவ்வாறே சிறு அலுவலாகத் தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது.

பங்சார் இன்று வணிக வளாகங்களுக்கும் உணவகங்களுக்கும் பெயர் பெற்ற பகுதி. ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். பின்னர் தொழிலாளரின் தொகுதி. தென்னமரத்துச் செம்பனை வரிசைகளுக்கும் பங்சார் மாளிகைகளுக்கும் இடையே உள்ள தொலைவு வரைபடத்தில் காண்பதைவிடக் குறைவு என்பதைத் தேர்தல் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. இத்தகைய மறைந்த தொகுதிகளின் வரலாற்றை வாக்காளர் நிலையிலிருந்து தொகுக்கும் ஆய்வுகள் மேலும் பெருக வேண்டும். அன்றைய வாக்குச்சாவடிகளில் வரிசையில் நின்றோருள் எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் பணி இனியும் தள்ளிப்போடத் தக்கதன்று.